பொட்டு வைத்த அட்டை

பாயான் பாரு, பினாங்கு
14.3.1993, ஞாயிறு

அன்பு மகள் மாதங்கிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முருகனிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் கடிதம் போன மாதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று கோபித்துக்கொள்ளாதே, ஏன் தாமதம் என்பதுதான் இந்தக் கடிதமே, கோப்பி கலந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. வாசல் மல்லி பூக்க ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் மறுபடியும் மக்கர் செய்கிறது. துறைமுக ஆபீசில் அவருக்குக் கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டார்கள், ஒற்றை விரலால் தட்டிவிட்டு வந்து கை வலிக்கிறது என்கிறார்.

உன் விடுதியில் தாதிப் படிப்புப் படிக்கிற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பலகை வைத்து, வாழ்க்கையில் என்னென்ன வேண்டுமோ அதன் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி, காலையில் எழுந்ததும் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா நீங்களும் ஒன்று செய்யுங்கள், யாருக்கும் காட்டாவிட்டாலும் பரவாயில்லை என்று கீழே கோடு வேறு போட்டிருந்தாய். என்னை உனக்குத் தெரியும், மனதில் இருப்பதை நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒட்டி வைக்கிற ஆளா நான். ஆனாலும் அந்த யோசனை விடவில்லை. தொழிற்சாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற சலேஹாவிடம் பழைய பத்திரிகைகள் கேட்டு வாங்கினேன். சமையல் குறிப்பு வெட்டப்போகிறாயா அக்கா என்றாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தடித்த அட்டை எங்கே கிடைக்கும் என்று தேடினேன். மார்க்கெட் ஸ்திரீட் நகைக்கடையில் கொடுத்த போன வருஷக் காலண்டர் சாமி அறையில் இன்னும் தொங்குகிறதல்லவா, தாள்களெல்லாம் கிழித்தாயிற்று, முருகன் படம் இருப்பதால் யாருக்கும் எடுத்துப் போட மனம் வரவில்லை. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில்தான் ஒட்டினேன். ஒரு சிவப்புக் கார், ஒரு தையல் இயந்திரம், ஜன்னலோரம் சோபா போட்ட ஒரு ஹால், ஒரு மலைத்தோட்டம். நான்கு மூலைக்கு நான்கு. உண்மையைச் சொல்கிறேன், இதில் எதுவும் எனக்குப் பெரிய ஆசை இல்லை. யாராவது பார்த்துவிட்டால் பார்க்கட்டும் என்று ஒட்டிய படங்கள் அவை. நான் ஆசைப்பட்டதற்கு நடுவில் இடம் மட்டும் விட்டு வைத்தேன். ஒட்டி முடித்து முருகனை முன்பக்கமாகத் திருப்பி, அதே ஆணியில் மாட்டிவிட்டேன்.

அந்த நடு இடம் என்ன என்று உனக்கும் நான் சொன்னதில்லை. எழுபத்திரண்டில் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்து நல்ல தேர்ச்சி வந்தது, ஆறாம் பாரத்துக்கு இடமும் கிடைத்தது, அடுத்த வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. அதில் எனக்கு யார் மீதும் வருத்தமில்லை, நீ கிடைத்தாய். ஆனால் இருபது வருஷமாக நூலகத்திலிருந்து எடுத்துவந்து படிக்கிற புத்தகங்களைப் பற்றி ஒரே ஒரு தடவையாவது யாராவது என்னிடம் கேள்வி கேட்க வேண்டும், நான் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும் என்று இருந்தது. ஆறாம் பாரம் முடிக்கிறவர்கள் எழுதுகிற எஸ்டிபிஎம் பரீட்சையைத் தனியாகப் பதிந்து எழுதலாமாம், பாஸானால் தற்காலிக ஆசிரியை வேலைக்கு மனுப் போடலாம். விண்ணப்பப் பாரம் வாங்கி அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன். மார்ச் பதினைந்து கடைசித் தேதி. முப்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று அப்பா சிரித்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயத்தில் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உன் ஜெயலெட்சுமி அத்தை வழக்கம்போல் பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகு ஏறி வந்தார். நான் காலை ஷிப்டு முடிந்து வருவதற்குள் சாமி அறையைத் துடைத்துச் சுத்தம் செய்திருக்கிறார். எல்லாப் படத்தையும் கழற்றிய கையோடு அந்தக் காலண்டரையும் கழற்றித் திருப்பிப் பார்த்திருக்கிறார். நான் வீட்டுக்குள் நுழையும்போது அட்டை சுவரோரம் சாய்ந்திருந்தது, காருக்கு ஒரு பொட்டு, தையல் இயந்திரத்துக்கு ஒரு பொட்டு, சோபாவுக்கும் மலைக்கும் சந்தனத்தோடு குங்குமம், நடுவில் வெற்றிடத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு. நல்ல பொண்ணு நீ வள்ளி, முருகன் முதுகிலே மனு ஒட்டியிருக்கியே, முன்னாலே ஒட்டியிருந்தா அவரு கண்ணுலயாவது பட்டிருக்கும்ல என்கிறார் அத்தை. நடுவிலே இருந்த படம் உதிர்ந்து போச்சு போல, அதான் இடம் காலியா இருக்கக்கூடாதுன்னு பெருசா வச்சிட்டேன் என்றும் சொன்னார்.

அப்பா வேலை விட்டு வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என் மோட்டாருக்கு ஒரு பொட்டு வச்சிருந்தா அதாவது ஒழுங்கா ஓடும்ல அக்கா என்று அத்தையைச் சீண்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, நடுவுல என்ன வரணும் வள்ளி, என் போட்டோவா என்றார். அத்தை வேறு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய் அரிசி டின்னைத் தூக்கி அந்தப் பாரத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கும் பேசவில்லை, சனிக்கிழமையும் பேசவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று ஆகிவிட்டது.

ஞாயிறு காலை பசியாறும்போது, அப்பவே சொல்லியிருந்தா கல்யாணத்தை ரெண்டு வருஷம் தள்ளி வச்சிருப்பேன்ல, ஏன் சொல்லலே என்றார். கல்யாணத்துக்கு முன்னாலே உங்களை நான் பார்த்ததே ரெண்டு தடவை, அதிலும் ஒரு தடவை நீங்க லட்டு தின்னுக்கிட்டு இருந்தீங்க என்றேன். ஷிப்டும் வீடும் படிப்புமா எப்படி முடியும் என்று கேட்டார், அது கேலி இல்லை, கவலைதான். முடியாட்டி விட்டுடறேன், ஆனா எழுதிப் பார்த்துட்டு விடறேன் என்றேன். எழுந்து தன் சட்டையை மாட்டிக்கொண்டே, கிளம்பு வா என்றார். குவின் ஸ்திரீட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பாரத்தில் ஒட்டப் போட்டோ எடுக்க வைத்தார். பாரம் மார்ச் நான்காம் தேதி பதிவுத் தபாலில் போய்விட்டது, ரசீது என்னிடம் இருக்கிறது. பரீட்சை மலாயில் என்பதுதான் எனக்குப் பயம், நான் படித்தது இங்கிலீஷ் காலம். சலேஹாவிடம் சொன்னபோது, அலாமா அக்கா, சமையல் குறிப்புன்னு என்னை ஏமாத்திட்டியே, சாப்பாட்டு நேரத்துல தினம் ஒரு பக்கம் மலாயில எழுதிக் காட்டு, நான் திருத்தறேன் என்றாள். சிவப்புப் பேனாவும் வாங்கி வைத்துவிட்டாள்.

கேள், இன்னும் இருக்கிறது. பாரத்துக்கு மூன்று போட்டோதான் கேட்டார்கள், ஸ்டுடியோவில் நான்கு கொடுத்தார்கள். மிச்சமிருந்த ஒன்றை அப்பா எனக்குத் தெரியாமல் அந்த நடுப் பொட்டின் மேல் ஒட்டிவிட்டார். அடுத்த வெள்ளி அத்தை குங்குமக் கிண்ணத்தோடு வந்து அட்டையைத் திருப்பியவர் ஐயோ என்று அலறிவிட்டார். உசுரோட இருக்கிறவ படத்தைச் சாமி அறையில மாட்டுவாங்களாடா தம்பி, உனக்கு அறிவு இருக்கா என்று அப்பாவைத் திட்டி, அட்டையைக் கையோடு வெளியே கொண்டுவந்துவிட்டார். ஹாலில் மாட்டலாம் என்றால் முருகன் சுவரைப் பார்த்து நிற்பார், அதுவும் ஆகாது. கடைசியில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற கம்பித் தடுப்பில் அப்பா கட்டிவிட்டார். சமையலறைப் பக்கம் முருகன், ஹால் பக்கம் கார், சோபா, மலை, நடுவில் நான். வருகிறவர்கள் எல்லாரும் என்ன இது என்று கேட்கிறார்கள், அப்பா முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி அண்ணன் தினமும் வேலியோரம் நின்று, இன்னைக்கு எத்தனை பக்கம் படிச்சீங்க தங்கச்சி என்கிறார். முதல் மூன்று நாள் வெட்கமாக இருந்தது. இப்போது பக்கத்தை எண்ணி வைத்துக்கொள்கிறேன், பொய் சொல்ல வரவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று நாளைக் கடத்தாதே. அத்தை செய்த ஊறுகாய் தனிப் பொட்டலமாக வருகிறது, மூடியைப் பார்த்துத் திற. உன் பலகையில் இருப்பதெல்லாம் உன் கைக்கு வர வேண்டும், அம்மா அப்பா ஆசீர்வாதம் என்றும் உனக்கு உண்டு. பரீட்சை நவம்பரில், அந்த வாரம் மறக்காமல் ஒரு கடிதம் போடு. இதை உன் தோழிகளிடம் சொல்லிவிடாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பரவாயில்லை, சொல்லு.

உன் அன்புள்ள அம்மா,
வள்ளிநாயகி