ஒரு பகல் மட்டும் என் கடையில் இருந்த சேலைகள்

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

உன்னிடம் நலமா என்று கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நான் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டேன் அண்ணே. யாராவது திவாலாகிவிட்டால் இந்த வார்த்தையைச் சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்துவாள், உனக்கு நினைவிருக்கிறதா? இப்போது தி. நகரில் என்னைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள்.

கடை போன கதையில் புதிதாக ஒன்றுமில்லை. நீ இருக்கும்போதே வியாபாரம் இறங்கத் தொடங்கியிருந்தது, நீ போன மறு வருஷம் வாடகையும் ஏறியது. வருகிற பெண்கள் சேலையைத் தடவிப் பார்ப்பார்கள், பிறகு என் எதிரிலேயே போனில் அதே சேலையின் விலையைத் தேடுவார்கள். ஆடித் தள்ளுபடிக்கும் கூட்டம் வரவில்லை என்றதும் ஷட்டரை இறக்கிவிட்டேன். பேங்க், சூரத் வியாபாரி, கட்டட ஓனர் என்று எல்லோருக்கும் பாக்கி. ஹைகோர்ட்டில் திவால் மனு போட்டேன். இருப்பதை எடுத்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சக் கடனிலிருந்து ஒருநாள் என்னை விடுவித்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன்.

கோர்ட் ஆட்கள் வந்து கடையில் இருந்த சரக்கைப் பட்டியல் போட்டார்கள். அரை நாள்கூட ஆகவில்லை. அதைப் பார்த்துவிட்டு பேங்க்காரர்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். கடன் வாங்கும்போது மூன்று சுவர் நிறைய பட்டுச்சேலை காட்டினார்களே, அது விற்றதற்குக் கணக்கும் இல்லை, சரக்கும் இல்லை, எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று.

எங்கே என்று உனக்குத்தான் தெரியுமே. உன் வடபழனி கடையில்.

பேங்க் அதிகாரி சரக்கைப் பார்வையிட வருகிறார் என்றதும் நீ டெம்போவில் கட்டுக்கட்டாக ஏற்றி வந்தாய். உன் கடை விலைச்சீட்டை நான் வெட்ட வெட்ட, நீ என் கடைச் சீட்டைக் கட்டினாய். நான் நடுநடுவே வாசலை எட்டிப் பார்த்தேன். நீ சிரித்தாய்.

"இதுல என்னட்டி பயம்? எல்லாக் கடையிலயும் நடக்கதுதான். போன மாசம் பக்கத்துக் கடைக்காரருக்கு நானே குடுத்து வாங்கல? நீ கையெழுத்தப் போடு."

கடை இருப்பு என்ற கட்டத்தில் உன் சேலைகளையும் சேர்த்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அதிகாரி வந்தார், பார்த்தார், ரோஸ்மில்க் குடித்தார், போனார். சாயங்காலம் திரும்ப ஏற்றும்போது டெம்போ டிரைவர்தான் கேட்டார்: "இன்னாக்கா, காத்தால எறக்கச் சொன்னீங்க, இப்ப ஏத்தச் சொல்றீங்க. சேலைங்க இன்னா டூரா வந்துகீது?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

நம்மவர்கள் நடுவில் இது ஒரு கைமாற்று உதவி. கல்யாண வீட்டுக்கு அண்டா கொடுப்பதைப் போலத்தான் நாமெல்லாம் இதை நினைத்தோம். கடன் வந்துவிட்டால் தவணை கட்டப்போகிறோம், யாருக்கு என்ன நஷ்டம்? கட்ட முடியாமல் போகும் நாளை நாம் ஒருவரும் யோசிக்கவில்லை. ஏன் அண்ணே யோசிக்கவில்லை?

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் அம்மா என் வழக்கைப் பார்க்கிறார். என்னைவிட இளையவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"இதோ பாருங்கோ. சரக்கை ஒளிச்சு வெச்சிண்டிருக்கேள்னு அவா சொல்றா. அது நிஜம்னு ஆச்சுன்னா ஜெயில்கூட உண்டு. சரக்கே என்னுது இல்லைன்னு நீங்க சொன்னேள்னா, பொய்யாக் காட்டிக் கடன் வாங்கினதா ஆயிடும். அப்புறம் கோர்ட் மத்த கடன்லேர்ந்து விடுவிச்சாலும், இந்தக் கடன் மட்டும் உங்களை விடாது. பேங்க் போலீஸுக்கும் போகலாம்."

"வேற வழியே இல்லையாம்மா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரக்கு உங்களோடதுதான், அண்ணா எடுத்துண்டு போயிட்டார்னு சொன்னா, கேள்வி உங்களை விட்டுட்டு அவர் கடைமேல திரும்பும். நான் சொல்லிக் குடுக்கலை. என்ன நடந்ததுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

யோசித்துப் பார், நீ எடுத்துப் போனது உண்மைதானே? உன் சேலை என்பதை என் சேலை என்று ஒரே ஒரு வார்த்தை மாற்றினால் போதும். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். "மச்சான் போய்ச் சேந்துட்டாரு. அவரை யாரு என்ன பண்ண முடியும்? உயிரோட இருக்கறவ நீ." அவர் கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருக்கிறார். நான் மட்டும் களைக்கவில்லையா? நாலு நாள் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். உன்மேல் கோபமாகவும் வந்தது. உபகாரம் பண்ணுகிறேன் என்று இப்படி மாட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று உன் போட்டோவைப் பார்த்துத் திட்டியும் இருக்கிறேன்.

ஐந்தாம் நாள் மதினி கொட்டிவாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாள். உன் கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள் அண்ணே. பில் போடக் கற்றுக்கொண்டாள், சூரத்துக்குப் பேசக் கற்றுக்கொண்டாள். உன் மகள் படிப்பும் அந்தக் கடையில்தான் ஓடுகிறது. ஒரு மணி நேரம் மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினாள். செருப்பை மாட்டும்போதுதான் கேட்டாள்.

"கோர்ட்டுல அவுக பேரச் சொல்லுவியா, புஷ்பம்?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

விசாரணை நாளன்று அந்தச் சரக்கெல்லாம் எங்கே என்று கோர்ட் அதிகாரி கேட்டார். "அது என் சரக்கு இல்லீங்க. எங்க அண்ணன் ஒரு நாளைக்குக் குடுத்து வாங்கிக்கிட்டது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். டைப் அடிக்கும் பெண், "கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா" என்றாள். அதனால் முதலிலிருந்து இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

உன் பேரைச் சொல்லாமல் உண்மையைச் சொல்ல வழி இருக்கவில்லை. மன்னித்துக்கொள். உன் பேர் கொஞ்சம் கெட்டது. கடைக்கு ஒன்றும் வராது என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார், அதை வராந்தாவில் நின்றே மதினிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் அழுதாள். பேரை நினைத்தா கடையை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

சூரத் பாக்கியும் வாடகை பாக்கியும் ஒருநாள் என்னை விட்டுப் போகும். பேங்க் கடன் போகாது, என்னோடேயே வரும். போலீஸ் புகார் வருமா என்று இன்னும் தெரியவில்லை. வாசலில் பைக் நின்றால் எட்டிப் பார்க்கிறேன். இந்த ஐம்பத்து மூன்று வயதில் பெரிய கடை ஒன்றில், சேலைப் பிரிவில், சம்பளத்துக்கு நிற்கிறேன். உட்கார ஸ்டூல் கிடையாது. கால் வீங்குகிறது.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் தெரியுமா? அடையாறு ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, பேச்சு நிற்பதற்கு இரண்டு நாள் முன்னால், என் கையைப் பிடித்துக் கேட்டாய்: "அந்தப் பேங்க் சமாச்சாரம் ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" அப்போதே மூன்று தவணை நின்றுபோயிருந்தது. "எல்லாம் கட்டிட்டேன் அண்ணே, நீ நிம்மதியா தூங்கு" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

பேங்க்கிடம் சொன்ன பொய்யைக் கோர்ட்டில் திருத்திவிட்டேன். உன்னிடம் சொன்னது பாக்கி இருந்தது. நான் கட்டவில்லை அண்ணே.

இனி மாதாமாதம் முடிந்ததைக் கட்டுவேன். முடிந்த மாதம் முடிந்தது என்று சொல்கிறேன், முடியாத மாதம் முடியவில்லை என்று சொல்கிறேன். உன்னை நிம்மதியாகத் தூங்கச் சொல்லி இனி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கபுஷ்பம்