உபவாசமும் காலை மாத்திரையும்

புதுப்பட்டினம்
21.3.1999

அன்பு மகன் ஜெபசிங்குக்கு, அம்மா சந்திரம்மா தங்கச்சி சிநேகாவின் கையால் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருக்கிறோம், சார்ஜா வெயிலில் நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். என் காலில் நரம்பு சுருட்டலுக்குச் செங்கல்பட்டில் ஆபரேஷன் ஆனதை முன்பே எழுதினோம். தையல் நன்றாக ஆறியது, டவுன்ஷிப் வீடுகளுக்கு மறுபடியும் வேலைக்குப் போகலாம் என்றிருந்தேன். ரத்தம் கட்டாமல் இருக்கக் காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பிறகு போட மாத்திரை தந்தார்கள். அதற்குள் லெந்து உபவாச நாட்கள் வந்துவிட்டன. ஈஸ்டருக்கு நீ வீடு வந்து சேரவேண்டும் என்று பொழுது சாயும்வரை உபவாசம் இருந்தேன், வெறும் வயிற்றில் கூடாதே என்று காலை மாத்திரையை விட்டுவிட்டேன். கால் வீங்கி, தொட்டால் நெருப்பாகச் சுட்டது. உள்நரம்பில் ரத்தம் கட்டிவிட்டதாம், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். இனி பழைய கால் ஆகாது, கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு, "இன்னாம்மா நீ, ரெண்டு இட்லிய முழுங்கிட்டு மாத்திரையப் போட்டுக்கினு அப்பால ஜெபம் பண்ணா சாமி கோச்சுக்குமா?" என்று ஏசினார்கள். வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. கம்பெனியில் லீவு தரவில்லை என்று எழுதியிருந்தாய், பரவாயில்லை. நான் வேலை செய்த வீடுகளுக்கு இப்போது சிநேகாதான் போகிறாள், அவள் படிப்பை நிறுத்தியது நல்லதாயிற்று என்று சொல்ல மனம் வரவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், கவலைப்படாதே. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள், ஞாயிறு ஆராதனையை விடாதே. கர்த்தர் உன் தலைமேல் கை வைத்து நடத்தட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
சந்திரம்மா

அண்ணா, இனி எழுதுவது நான். அம்மா கண் அயர்ந்திருக்கிறார்கள். ஒழுங்காகப் போடுவதாகச் சொன்னது பொய். வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் உபவாசம், காலை மாத்திரை தலையணை உறைக்குள் போகிறது. உனக்கு லீவு இல்லை என்ற கடிதம் வந்த அன்று, "ஆஸ்பத்திரில உபவாசத்த வுட்டு நான் இட்லி தின்னேன் பாரு, அதான் எம்புள்ள வரல" என்றார்கள். நைனாவிடம் சொன்னால், "வுடு, அவ யார் பேச்சக் கேட்டா" என்று வேலைக்குப் போய்விடுகிறார். எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நர்ஸம்மாவிடம் போய்ச் சொல்லவும் பயம். நீ சொன்னால் கேட்பார்கள். இது உன் கைக்கு வந்து, உன் பதில் இங்கே வருவதற்குள் ஈஸ்டரே முடிந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் எழுது அண்ணா. வேறொன்றும் வேண்டாம், சாப்பிடும்மா என்று மட்டும் எழுது.

சிநேகா