பழங்கடலில் ஒரு மடை

தம்பி,

என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நீலப் படத்தின் அடியில் நீங்கள் பென்சிலால் எழுதியிருந்ததை இன்று காலை படித்தேன். நானே படித்தேன்! மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஓசூர் பஸ்களின் பலகை, மருந்துப் பெட்டி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் வாசித்துவிட்டு இன்றுதான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

என் மாடியில் நீங்கள் குடியிருந்த இரண்டு வருடமும் உங்கள் கம்ப்யூட்டரில் கடல்தான். மனிதன் பிறப்பதற்கு முந்திய கடல். அந்தக் காலத்து வெயிலையும் மழையையும் கணக்கிட அது வேண்டும் என்றீர்கள். கட்டம் கட்டமாக நீலம் தண்ணீர், பழுப்பு நிலம். படத்தைச் சுருக்கினால் குறுகலான வழிகள் அடைபட்டுப்போகும். ஒவ்வொன்றாகத் திறப்பதுதான் உங்கள் வேலை.

ஒருநாள் உங்களுக்குக் காபி கொண்டுவந்தபோது சொன்னேன்:

"ஏந்தம்பி, இங்க தண்ணி போவாதே?"

"போகுமேண்ணா. நீலம் தொட்டுக்கிட்டுதானே இருக்கு."

"மூலைக்கு மூலைதான தொடுது? எங்க ஊரு வேப்பனப்பள்ளில இப்படி மடை வெட்டினா எங்கப்பன் மம்மட்டிக் காம்பாலயே போடுவாரு."

சிரித்தீர்கள். திரையைப் பார்த்தீர்கள். சிரிப்பு நின்றது.

"அண்ணா, இதுக்குத்தான் நாலு நாளா அந்தக் கடல் தேங்கியே நிக்குது!"

பிறகு ஒரு காலையில், அந்தக் கடலை அச்சடித்த இந்தப் படம் என் கதவிடுக்கில் கிடந்தது. நீங்கள் பெங்களூர் பஸ்ஸுக்குப் போயிருந்தீர்கள். எனக்குக் கொடுத்த பரிசு என்று நினைத்து ஒட்டிவைத்தேன். மாலையில் படிக்கட்டில் கேட்டீர்கள்.

"பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன் தம்பி. அழகா இருக்கு."

எழுத்துத் தெரியாது என்று சொல்ல வெட்கம். கொஞ்சம் நின்றீர்கள். பிறகு மேலே போனீர்கள். அடுத்த வாரம் உங்களுக்கு நெஞ்சுவலி. மதுரையிலிருந்து உங்கள் ஆட்கள் வந்து உடலை எடுத்துச் சென்றார்கள். மாடியில் இப்போது கம்பெனி ஆட்கள். ஷிப்டுக்குப் போகிறார்கள், வந்து தூங்குகிறார்கள். காபி எனக்கு ஒருவனுக்குத்தான் போடுகிறேன்.

நீங்கள் எழுதியிருந்தது இது: "அண்ணா, வட்டம் போட்ட இடத்தில் தண்ணீர் போகுமா? எனக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் மேலே வாங்க."

என்னைக் கேட்டிருக்கிறீர்களே என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான், அன்று மாலை உங்கள் கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது நினைவுக்கு வந்தது.

கண்ணாடி போட்டுக்கொண்டு வட்டத்தைப் பார்த்தேன். போகாது, தம்பி. கிழக்கே இன்னும் ஒரு கட்டம் திறக்க வேண்டும். உங்கள் எழுத்துக்குக் கீழே பென்சிலாலேயே அதை எழுதிவைத்திருக்கிறேன்.