பவளத்துக்கு நான் கொடுத்த கஞ்சி

செட்டிகுளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கிருபனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வயல் கதிர் தள்ளிவிட்டது, தங்கச்சி சிவரூபிக்கு வேலை நியமனம் இன்னும் வரவில்லை. போன் எடுக்கும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பதால் சொல்ல முடியாத ஒன்றைத்தான் எழுதுகிறேன், கோபிக்காதே.

அப்பா பார்க்கிற கோயில் யானை பவளத்துக்குக் கால் நகத்தில் சீழ் கட்டி, மிருக வைத்தியர் கிருசாந்தி பத்து நாள் மருந்து கொடுத்தா. புண் ஆறியது, வயிறு கெட்டது. தின்ற இலைகுழை அப்படியே தண்ணீரோடு வந்தது, பிறகு தென்னோலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளத் தொடங்கிவிட்டது. டொக்டர் அம்மா பார்த்துவிட்டு, "மருந்து கெட்ட கிருமியோட குடலில இருக்கிற நல்ல கிருமியையும் சாகடிச்சுப்போட்டுது, ஓலையைச் சமிக்க வைக்கிறதே அதுகள்தான்" என்று சொல்லி, நல்ல கிருமி உள்ள மாவு ஒரு பை தந்தா. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து வாழைப்பழத்தோடு கொடுக்க வேண்டும், கொதிதண்ணீர் பட்டால் கிருமி செத்துப்போகும். "சோறு, பாண், சர்க்கரை ஒண்டும் காட்டாதேங்கோ, வயிறு ஊதிப்போடும்" என்று இரண்டு தரம் சொன்னா. நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

மூன்றாம் நாள் அப்பா குளிக்கப் போன நேரம், பவளம் என்னைப் பார்த்துத் தும்பிக்கையை நீட்டியது. பசித்த வாயைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது மகன், அகதி முகாமில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நின்ற நாளிலிருந்து அப்படித்தான். ஒரு வாளி அரிசிக் கஞ்சியில் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது. மறுநாள் காலை வயிறு மத்தளம் போல் ஊதிப் பவளம் படுத்துவிட்டது. படுத்த யானை எழும்பாவிட்டால் அதன் பாரமே அதைக் கொன்றுவிடுமாம். அப்பா அதன் காதைத் தடவித் தடவிக் கெஞ்சுகிறார், அது கண்ணை மூடிக்கொண்டு முனகுகிறது. டொக்டர் அம்மா ஓடிவந்து "என்ன குடுத்தனீங்கள்?" என்றா. அப்பா முருகன்மேல் சத்தியம் பண்ணி ஒன்றுமில்லை என்றார். தர்மகர்த்தா செல்வநாயகம் ஐயா எல்லாருக்கும் முன்னால், "உன்ர கவனக்குறைவுதான் ஆண்டியப்பன், இனி இந்தப் பக்கம் வராதை" என்றார். பன்னிரண்டு வருசம் அந்த யானையோடு கிடந்த மனிதர் தலைப்பாகையைக் கழற்றினார். நான் முன்னுக்குப் போய், நான்தான் கஞ்சி கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. டொக்டர் அம்மா மட்டும், "இப்பவாவது சொன்னது நல்லம் அம்மா" என்று ஊசி போட்டு, குழாயால் பின்பக்கம் தண்ணீர் விட்டு, பத்துப் பேரை வடம் பிடிக்கச் சொல்லி எழுப்பினா. எழும்பிய பவளத்தை அப்பா கோயில் வீதியைச் சுற்றி நடத்தினார், விழுந்துவிடுமோ விழுந்துவிடுமோ என்று நான் பின்னால் நடந்தேன். பின்னேரம் மூன்று மணிக்குத்தான் பெரிய சத்தத்தோடு காற்றுப் பிரிந்து லத்தி விழுந்தது. செல்வநாயகம் ஐயா கையெடுத்துக் கும்பிட்டார், அப்பாவை வராதை என்றதைப் பிறகு அவர் எடுக்கவில்லை, அப்பாவும் வழமைபோல வேலைக்குப் போகிறார்.

அதற்குப் பிறகு நாலு நாள் அப்பா என்னோடு கதைக்கவில்லை. சாப்பிட்டுத் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். இன்று மத்தியானம் மாவுப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "நாளையிலிருந்து நீயே கரைச்சுக் குடு, சூட்டைக் கையை வச்சுப் பார்த்துக்கொள்" என்றார். நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நீயும் இருமலுக்கு மிஞ்சிக் கிடக்கிற மாத்திரைகளை உன் பாட்டுக்கு விழுங்காதே. வேளைக்குச் சாப்பிடு. முருகன் உனக்குத் துணையிருப்பான், நல்லாயிரு மகன். போன் எடுத்தால் கஞ்சிக் கதையைக் கேட்காதே, பவளம் எப்படி என்று மட்டும் கேள், மிச்சத்தை அப்பா சொல்ல விரும்பினால் சொல்லட்டும்.

உன் அம்மா,
ஆ. வடிவம்மா