மணிமுத்தாற்றங்கரைக்கு ஒரு கூண்டு

அம்மா,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. உனக்குப் படிக்கத் தெரியாது. வந்த கடுதாசியை எல்லாம் பக்கத்தில் யார் இருந்தாலும் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாய். இதை அப்படி நீட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். நீ கேட்டால் போதும். அப்பா சூளைக்குப் போயிருக்கிறார். இன்று ராத்திரி நெருப்பு அவர் பொறுப்பு. விடிவதற்குள் வந்துவிடுவார்.

சாயங்காலம் நாலு தூறல் விழுந்து நின்றுவிட்டது. அதற்கே எதிரில் ஜாடி செய்கிற ஷெட்டுக் களத்தில் கிடந்த பலகைகளிலிருந்து நனைந்த வெள்ளை மண்ணின் வாசனை கிளம்பி வீட்டுக்குள் வந்துவிட்டது. உன் முந்தானை வாசனை. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். நீ வேலை விட்டு வந்து வாசலில் நிற்கிறாயோ என்று சட்டென்று திரும்பினேன். கஞ்சி காலில் கொட்டிவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நாளைக் காலையில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் அம்மா. மழை, புயல் சொல்கிற ஆபீஸிலிருந்து. நீங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த மனுவை விசாரிக்கத் தாலுகா ஆபீஸுக்கு வருகிறார். மனுவில் முதல் கைநாட்டு உன்னுடையது. அதனால் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். நீ போய்விட்டது அவர்களுக்குத் தெரியாது. யாரும் வந்து பேசாவிட்டால், மனு கொடுத்தவர் வரவில்லை என்று எழுதி மூடிவிடுவார்களாம்.

உன் பக்கத்துப் பலகையில் வேலை செய்த அஞ்சலை அத்தை குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வா பாப்பா. எங்களுக்கு ஆபீசரக் கண்டா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். உங்கம்மா பின்னாடியே சுத்தினவ நீ. அவ என்னா சொன்னாளோ அத அப்படியே சொல்லு, போதும்."

அதற்குள் அப்பா காதுக்குப் போய்விட்டது. "ஸ்கூலுக்குப் போ. ஸ்கூல வுட்டா வூடு. தாலுக்கா ஆபீஸு பக்கம் தல வெச்சும் படுக்கக் கூடாது. அப்புறம் எனக்கு இந்த ஊர்ல எந்தச் சூளையிலயும் வேல இருக்காது" என்றார். அவர் கத்தவில்லை. குரல்தான் நடுங்கியது. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

எனக்கு அந்த ஊறுகாய் ஜாடி மத்தியானம்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு. களம் முழுக்க இன்னும் சுடாத பச்சை ஜாடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வேப்பூர்ப் பக்கம் வானம் கறுத்ததைப் பார்த்து நீங்கள் ஓடுவதற்குள் மழை வந்துவிட்டது. ஜாடி அடுக்கிய பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினாய். ஷெட்டுக்குள் இறக்கியபோது ஜாடிகளின் வாய் எல்லாம் கோணிப்போயிருந்தது. களத்திலேயே கிடந்தவை கூழாகிவிட்டன. சுட்டு எடுத்த ஜாடிக்குத்தான் கூலி, கரைந்ததற்குக் கிடையாது. எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, நீ ஒரு கோணல் ஜாடியை எடுத்துக் காட்டினாய். "இது யாரு மாதிரி இருக்குது? கூலி ஏத்திக் கேட்டா நம்ம முதலாளி வாயி இப்படித்தான் போவும்!" அழுதுகொண்டிருந்த அஞ்சலை அத்தை புரையேறச் சிரித்தாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் பூங்கா ரேடியோ முன்னால் நின்றீர்கள். தென்னாற்காடு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம் என்று சொல்வார்கள். "அந்த ஓரிரு இடம் எதுன்னு கேளு பாப்பா" என்பாய், ரேடியோவிடம் கேட்டால் பதில் வரும் என்பதுபோல. "வேற எது? நம்ம களந்தான்!" என்பாள் அத்தை.

பிறகு யாருக்கோ கூண்டு ஞாபகம் வந்தது. கடலூர் துறைமுகத்தில் புயலுக்குக் கூண்டு ஏற்றுகிறார்களே, அதை விசாரித்தால் என்ன என்று. காலையில் வருகிற கடலூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி வைத்தீர்கள். ஒருநாள் அவர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்: "மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்கம்மோவ்!" மூன்று என்றால் மூன்று நாள் மழை என்று எடுத்துக்கொண்டீர்கள். பலகை எல்லாவற்றையும் ஷெட்டுக்குள் அடுக்கி, கோணி போட்டு மூடினீர்கள். மூன்று நாளும் வெயில் சுட்டுப் பொசுக்கியது. உள்ளே ஜாடிகள் ஈரமாகவே இருந்தன. முதலாளி களத்தில் நின்று வானத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஐயையோ நனைஞ்சிட்டேனே, கொட கொண்டாங்க" என்று ஆடிக் காட்டினார். நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய்.

மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனாய். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர். உன்னை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"அந்தக் கூண்டு கப்பலுக்கும் படகுக்கும்மா. காத்து எப்படி அடிக்கும்னு சொல்றதுக்கு. பெருமழைக்குத் தனியா தந்தி வருது. யாரு கேட்டு எழுதிப் போட்டாங்களோ அவங்களுக்குப் போவும். ரயில்காரங்க கேட்டாங்க, போவுது. அணைக்கட்டுக்காரங்க கேட்டாங்க, போவுது."

"எங்களுக்கு?"

"மண்ணு வேல செய்யிறவங்க யாரும் இதுவரைக்கும் கேக்கலியேம்மா."

ஆற்றுப் பாலத்தில் திரும்பி வந்தோம். பாலம் முடிகிற இடத்தில் நின்றாய். "நம்மள யாரும் ஏமாத்தல பாப்பா. நாம இருக்கோம்னே அவங்களுக்குத் தெரியல" என்றாய். உன் முகத்தில் கோபம் இல்லை. புதுப் புடவை எடுக்கக் கடைக்குப் போகிறபோது இருக்குமே, அந்த முகம்.

அப்படித்தான் மனு பிறந்தது. மழை வரும் என்று தெரிந்தால் காலையிலேயே தாலுகா ஆபீஸுக்குத் தந்தி வர வேண்டும். வந்தால் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒரு சிவப்புக் கூண்டு ஏற்ற வேண்டும். எல்லா ஷெட்டிலிருந்தும் அந்தத் தொட்டி தெரியும். நீ சொன்னாய், நான் எழுதினேன். டீக்கடையில் ஓர் ஆள் கேட்டார்: "விருத்தாசலத்துல கூண்டா? மணிமுத்தாத்துல கப்பல் வுடப் போறீங்களா?" நீ நின்று திரும்பினாய். "ஆமாண்ணே. மொத கப்பல்ல உங்களத்தான் ஏத்தி வுடப்போறோம். திரும்பி வர டிக்கெட் கெடையாது."

ஜாடிக்காரர்கள் மட்டும் கேட்டால் எடுபடாது என்று, பஸ் ஏறிக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனோம். களத்தில், பள்ளிக்கூடத்தில் வேர்க்கடலை என்று எழுதுவோமே, அந்த மல்லாட்டை காயப் போட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் உன்னை விடவில்லை. "ஏம்மா, மழ வரணும்னு நாங்க பொங்க வெச்சுக் கும்புடுறோம். நீ வரக்கூடாதுன்னு மனு எழுதிக்கிட்டு வந்து என்னையே கைநாட்டு வெக்கச் சொல்ற?"

"வரவேணாம்னு யாருங்க சொன்னா? நல்லா வரட்டும். சொல்லிட்டு வரட்டும்னுதான் கேக்குறோம். உங்க மல்லாட்டைய நீங்க வாரி வெப்பீங்க, எங்க ஜாடிய நாங்க வாரி வெப்போம்."

அவர் குனிந்து ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கட்டை விரலை நீட்டினார். அவர் வீட்டு ஆட்கள் வைத்தார்கள், அவர்கள் தெரு வைத்தது. திரும்பும் வழியில் அரிசி மில் களத்துப் பெண்கள் அவர்களாகவே கேட்டு வாங்கி வைத்தார்கள். ராத்திரி உன் கைகளில் மை போகவில்லை. அப்பாதான் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டார். திட்டிக்கொண்டேதான் தேய்த்தார். "ஊரு மழைய எல்லாம் உன் தலையில கொட்டிக்க" என்றார். ஆனால் மெதுவாகத் தேய்த்தார்.

முதலாளிக்குக் கடைசியில்தான் விஷயம் உறைத்தது. "கூண்டு ஏத்தின அன்னைக்கு நான் பலகைய வெளிய வெக்கச் சொன்னா வெப்பீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டார். "வெப்போங்க. கரைஞ்சா கூலி உங்க கணக்கு" என்றாய். அவர் அன்றைக்கு ஆடிக் காட்டவில்லை. மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே என்ன பேசினார்கள் என்று அப்பா இன்றுவரை சொல்லவில்லை.

அப்புறம் உனக்குக் காமாலை வந்தது. கடலூர் ஆஸ்பத்திரிக்கு அதே காலை பஸ்ஸில்தான் கூட்டிப் போனோம். கண்டக்டர் உனக்கு முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். ஜன்னல் ஓரம் சாய்ந்துகொண்டு, வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். என்ன பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நீ திரும்பி வருவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அம்மா.

இப்போது பூங்கா ரேடியோவில் வானிலை சொன்னால் என்னால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை. இது யாருக்காகச் சொல்கிறார்கள், யாரை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள் என்று மனசு கேட்கிறது. அது உன் குரலில்தான் கேட்கிறது. உன் முகம்கூடச் சில நாள் கலங்கலாக வருகிறது, பயமாக இருக்கிறது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதிகாரி என்னைப் பார்த்து, நீ யார் என்று கேட்பார். சின்னப் பெண் வெளியே போ என்பார். அல்லது நான் அழுதுவிடுவேன். எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. அஞ்சலை அத்தை ஒரு வழி சொல்லியிருக்கிறாள். ராத்திரி வேலை முடிந்து வந்தால் அப்பா மத்தியானம் வரை அசையாமல் தூங்குவார், அந்த நேரத்தில் வந்துவிடு என்றாள். சாயங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எழுத எழுத அது சரியாக வரவில்லை. நீ எதையும் அவருக்குத் தெரியாமல் செய்ததில்லை. சோறு போட்டுக்கொண்டே சொல்வாய், அவர் கத்துவார், நீ இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாய். நான் ஒளிந்து போனால் நாளைக்கு அதை முதலாளி வாயிலிருந்துதான் அவர் கேட்பார். சூளையில் தனியாக நின்று கேட்பார். அதை நினைத்தால் அதிகாரியைவிட அதுதான் தாங்கவில்லை.

அதனால் வந்தவுடன் நானே சொல்லிவிடப் போகிறேன். அப்பா, நான் தாலுகா ஆபீஸுக்குப் போறேன், நீங்களும் கூட வாங்க. முதல் பாதி வந்துவிடுகிறது. இரண்டாம் பாதிக்கு வரும்போது நிறுத்திவிடுகிறேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அப்பா, நான் போறேன். அப்பா, நீங்களும்

கதவைத் தட்டுகிற சத்தம். அவர்தான். எழுந்துவிட்டேன் அம்மா. தாழ்ப்பாளை எடுத்தவுடன் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்