புறவளிக்கு ஒரு கோடு

மே 8, செவ்வாய்

கொழும்பு, வெள்ளவத்தை. காலையிலேயே புழுக்கம். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வளிமண்டலப் படம் ஒருவழியாக முடிந்தது. அடுக்குக்கு ஒரு நிறம். கடைசி அடுக்கு, புறவளி மண்டலம், ஊதா. அதற்கு மட்டும் வெளிக்கோடு இல்லை. எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத இடம். வாயு தப்பிப் போவதைக் காட்ட அம்புக்குறிகள்.

எனக்குக் காய்ச்சல். தம்பி சுதன் பஸ்ஸில் கொண்டுபோவான். வாங்க: பாண், மண்ணெண்ணெய், கொத்தமல்லி.

பின்னேரம்

சுதனைப் பிடித்துவிட்டார்கள். அதே பஸ்ஸில் போன மேல்வீட்டு அன்ரி ஓடிவந்து சொன்னா. சோதனைச் சாவடியில் படத்தை விரிக்கச் சொல்லி, என்ன இது என்று கேட்டார்களாம். அவனுக்குத் தெரிந்த சிங்களமே நாலு சொல். "அஹச" என்றானாம். ஆகாயம்! புலிகளின் விமானம் வந்துபோன பிறகு இந்த ஊரில் யாராவது ஆகாயம் என்பார்களா? அதுவும் அம்புக்குறியும் கிலோமீற்றரும் போட்ட படத்தோடு. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வேறு.

பள்ளிக்கூட அதிபருக்குப் போன் எடுத்தேன். வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஸ்கூல் பேரை இதுக்குள்ள இழுக்காதேங்கோ டீச்சர்."

வைத்துவிட்டார். படம் கேட்டது யார்? வெட்கம் கெட்ட மனுசன்.

மே 9, புதன்

பொலிஸ். பாடப்புத்தகத்தோடு போனேன். தெரிந்த சிங்களத்தில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு பாடம். ஊதாவில் விரலை வைத்தார். இது எங்கே முடிகிறது? முடிவு இல்லை சேர், காற்று ஐதாகி ஐதாகி வெளியோடு கலந்துவிடும் என்றேன். முடிவில்லாத இடம் எப்படி இருக்கும், கோடு போடு என்று கறுத்த பேனையை நீட்டினார்.

சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தான் சுதன். காலில் செருப்பு இல்லை.

போட்டேன். வருசக்கணக்காய்ப் பிள்ளைகளின் கொப்பியில் நான் பிழை போட்ட அதே கோடு. அடுக்குகளின் பெயர்களைச் சிங்களத்திலும் எழுதினேன். பிறகுதான் படத்தைத் தந்து அவனை விட்டார்கள். "ஸ்துதி சேர்" வேறு சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல.

மே 11, வெள்ளி

மழை. அதிபர் போன். "படம் நாளைக்கு வருமா டீச்சர்?" சுதனைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வைத்தேன். வேலை போனால் போகட்டும்.

பிள்ளைகள் பாவம். படத்தை நானே கொண்டுபோவேன், அந்தக் கோட்டோடு அல்ல. பிளேட் எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன். சுதன் வந்து கையைப் பிடித்தான்.

"சுரண்டாதேங்கோ அக்கா. பொலிஸ்காரர் திரும்பப் பாக்க வந்தா?"

பத்தொன்பது வயது. இரண்டு நாளாய் யன்னல் பக்கமே போகவில்லை. பிளேட்டைக் கேட்டான். கொடுத்துவிட்டேன்.