வால்புர்காவின் கோணல் துப்பாக்கி

ஷீஃபர்பாக்,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் உல்ரிகேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் சின்னவள் மேராவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் காபி குடிக்கும்போதும் சாயங்காலம் அடுப்புக்கு விறகு வைக்கும்போதும் எங்கள் நினைப்பு. தொலைபேசி இருக்க அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் பக்கத்திலிருந்து உன் அம்மா அதை முடித்துவிடுகிறாள், இதை மட்டும் நான் என் வாயால் முழுசாகச் சொல்லியாக வேண்டும். அவள் இப்போது தோட்டத்தில் இலை வாருகிறாள், அதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன். இந்த வருஷம் பிளம் மரம் கிளை ஒடியக் காய்த்தது, ஜாம் காய்ச்சிக் காய்ச்சி அம்மாவின் கை இன்னும் ஊதா நிறத்தில் இருக்கிறது. செப்டம்பர் காற்றில் கூரைக் கல் கொஞ்சம் பெயர்ந்தது, நானே ஏறுகிறேன் என்றேன், அவள் ஏணியை ஒளித்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டாள். அங்கே உங்களுக்கு இப்போது வசந்தம் என்று நினைக்கவே வேடிக்கையாக இருக்கிறது. வெயில் வந்ததென்று மேராவுக்குக் குல்லாய் போடாமல் விட்டுவிடாதே.

கோடையில் நீ கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரு கண் போய்விட்டது, மாடி அலமாரியில் அத்தனை துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், யாருக்காவது கொடுத்துவிட்டு, வீட்டையும் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்றாய். உன்மேல் எனக்கு வருத்தமில்லை கண்ணு, பாசத்தில் சொன்னாய். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உனக்குத் தெரியாதது என்னவென்றால், ஏப்ரலில் அந்தக் காலையில் உன் அம்மா எழுந்து உட்கார்ந்து, ஏன் திரையைப் பாதி மட்டும் இழுத்தாய் என்று என்னைக் கேட்டாள். திரை முழுக்கத் திறந்துதான் இருந்தது. வலக்கண்ணில் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது, பார்வை திரும்பாது, இடக்கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். வீட்டு வாசலுக்கு வந்ததும், சுடுறதுக்கு வேண்டிய கண்ணாப் பாத்து எடுத்துக்கிட்டான் அந்தக் கடவுள் பாத்தியா என்று மட்டும் சொன்னாள்.

அவளுடைய துப்பாக்கிகளை நீ சின்ன வயதில் தொட்டாலே அதட்டுவாள், நினைவிருக்கிறதா. ஒவ்வொரு குண்டையும் தனித்தனியாகப் போட்டுச் சுடும் அந்தக் காலத்துக் குறித் துப்பாக்கிகள், எல்லாம் என் அப்பாவைவிட வயதில் மூத்தவை. மலைக்கு அந்தப் பக்கம் செய்தவை. வாதுமைக் கட்டையில் ஓக் இலை செதுக்கி, தோளைப் பற்றிக்கொள்ளும் கொம்பு போன்ற இரும்போடு, ஒரு சாமான்போல இல்லாமல் வீட்டு மனுஷர்போல அவை அவளிடம் இருந்தன. கண் போனபின் இடத்தோளில் வைத்துப் பழகிப் பார்த்தாள். ஆனால் அத்தனையும் வலக் கன்னத்துக்கென்று செதுக்கிய கட்டைகள். வேற ஒருத்தி சட்டையப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு சீக்பெர்ட், எங்க புடிச்சாலும் குத்துது என்றாள். ஒரு நாள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவி அலமாரியைப் பூட்டினாள், அதற்கப்புறம் திறக்கவில்லை. புதன்கிழமை துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போவதும் நின்றது. சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோலோடு பாதியும் போகிற மாதிரி சீவிக்கொண்டிருப்பாள். நான் வானொலி போட்டால் நிறுத்துவாள், நிறுத்தினால் ஏன் வீடு இப்படி ஊமையாக இருக்கிறது என்பாள். மேராவின் படத்தைக்கூட மேசையில் குப்புற வைத்திருந்தாள், இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

அப்போதுதான் எனக்கு வால்புர்காவின் கோணல் துப்பாக்கி ஞாபகம் வந்தது. இறைச்சிக் கடை வால்புர்காவை உனக்குத் தெரியும், அவள் பெயரை நம் வீட்டில் எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். நீ ஊரை விட்டுப் போனபின் நடந்த சண்டைதான். மருந்துக்கடைக்காரர் உயிரோடு இருந்த வரைக்கும் அவருடைய பழைய துப்பாக்கியை அம்மாதான் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாள், அவருக்குப் பின் அது தனக்குத்தான் என்று நம்பியும் இருந்தாள். அவர் அடக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போட்ட சாப்பாட்டுக்கு சாசேஜ் கொண்டுபோன வால்புர்கா திரும்பி வரும்போது அவர் வீட்டார் கொடுத்த அந்தத் துப்பாக்கியோடு வந்தாள். அன்றிலிருந்து நாங்கள் இறைச்சியே பக்கத்து ஊரில்தான் வாங்குகிறோம். நான் மட்டும் வியாழக்கிழமைகளில் அவள் கடைக் கொல்லையில் நின்று சூடாக ஒரு சாசேஜ் தின்றுவிட்டு வருவேன், இது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோணல் துப்பாக்கி வால்புர்காவின் தாத்தாவுடையது. அவர் கல் சுரங்கத்தில் வேலை செய்தவர், சில்லுத் தெறித்து வலக்கண் போனது. மனுஷர் சுடுவதை விடவில்லை. துப்பாக்கிக் கட்டையை வளைத்துச் செய்யச் சொன்னார், தோள் வலப்பக்கமே இருக்கும், குழல் மட்டும் இடக்கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். பார்க்கக் கழுத்துச் சுளுக்கிய வாத்து மாதிரி இருக்கும். சேகரிக்கிறவர்கள் யாரும் அதைச் சீந்தியதில்லை, சங்கத்தில் அதை வைத்துச் சிரிக்காதவர்களும் இல்லை. நான் ஒரு வியாழக்கிழமை சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டே மெல்லக் கேட்டேன், அந்தத் துப்பாக்கியைக் கொடுப்பாயா என்று. வால்புர்கா கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. யாருக்கு, உனக்கா? உனக்கு ரெண்டு கண்ணு இருக்கறப்பவே குறி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம் என்றாள். ரோஸ்விதாவுக்கு என்று உன் அம்மா பெயரைச் சொன்னேன். கத்தி நின்றது. அவளுக்கு வேணும்னா அவளே வந்து கேக்கட்டும், புருஷன் வாயால கேட்டா ஒரு ஆணிகூடக் கெடைக்காது, போய்ச் சொல்லு என்றாள்.

நான் எங்கே போய்ச் சொல்வது. ஆனால் சொல்ல வேண்டி வரவில்லை, கோட்டைக் கழற்றி மாட்டியதும் உன் அம்மா மூக்கை உறிஞ்சினாள். வியாழக்கிழமையானா உன்மேல வால்புர்கா கடைப் புகை வாசனை வரும், அதெல்லாம் எனக்கு எப்பவோ தெரியும், ஆனா இன்னிக்கு ஏன் திருட்டு முழி முழிக்கிற என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டில் என் தட்டில் உருளைக்கிழங்கு உருண்டையைக் கல் போடுகிற மாதிரி போட்டாள். என் குருட்டுக் கண்ண ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தியா என்று கேட்டாள். அவளுக்காகத்தான் போனேன், ஆனால் அவளைக் கேட்காமல் போனேன், அது அவளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அந்த உருண்டை தட்டில் விழுந்தபோதுதான் புரிந்தது.

சனிக்கிழமை காலையில் நல்ல தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வா என்றாள். நேரே இறைச்சிக் கடைக்குப் போனாள். சனிக்கிழமைக் கூட்டம் உனக்குத் தெரியுமே, கடையில் பாதி ஊர் நின்றது, இவள் உள்ளே வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் நின்றாள். முறை வந்ததும் வால்புர்காவை நேராகப் பார்த்து, உருண்டைக்கு அரைச்ச ஈரல் வேணும், அப்புறம் அந்தக் கோணத் துப்பாக்கி என்றாள். வால்புர்கா கையை முன்னால் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டே, ஈரல் தீந்துபோச்சு, துப்பாக்கி இருக்கு, மாடிக்கு வா என்றாள். கடையை அப்படியே வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு முன்னால் ஏறினாள். படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் ஏறினாள், அவளுக்கும் வயதாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தத் துப்பாக்கியை அம்மா கையில் வாங்கி, காலியா என்று திறந்து பார்த்து, ஜன்னல் பக்கம் திரும்பித் தோளில் வைத்தாள். கட்டையில் கன்னம் படும் இடம் அந்தத் தாத்தாவின் கன்னம் பட்டுப் பட்டுக் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. அசையாமல் நின்றாள். பிறகு மெல்ல, சீக்பெர்ட், குறி பாக்கற தொளை தெரியுது என்றாள், தேவாலயக் கோபுரத்துல காத்துத் திசை காட்டற இரும்புச் சேவல் தொளைக்குள்ள நிக்குது என்றாள். வால்புர்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், தாத்தாவுக்கப்புறம் அது யார் கன்னத்துலயும் ஒட்டல ரோஸ்விதா, எடுத்துக்கிட்டுப் போ, இந்த வருஷம் நீ வராம சங்கத்துல யார ஜெயிக்கறதுன்னே எனக்குத் தெரியல. அதற்கு உன் அம்மா, நான் வந்தப்ப மட்டும் ஜெயிச்சியாக்கும் என்றாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை, ஆனால் கீழே இறங்கும்போது வால்புர்காவின் முழங்கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், அப்படி இல்லை. முதல் புதன்கிழமை சங்கத்தில் முதல் குண்டு மண்மேட்டில் போய்ப் புதைந்தது. அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு விசை, பின்னதை இழுத்து வைத்தால் முன்னது தொட்டாற்சிணுங்கி மாதிரி ஆகிவிடும், விரல் பட்டதும் வெடிக்கும், அம்மாவின் விரல் இத்தனை மாதத்தில் அதை மறந்திருந்தது. அடுத்தது பக்கத்துக்காரர் பலகையில் விழுந்தது. வால்புர்கா பின்னால் நாற்காலியில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்கும் ஒண்ணு குடுத்திட்ட, உனக்கு இவ்வளவு நல்ல மனசுன்னு தெரியாமப் போச்சே என்றாள். அன்று வீட்டுக்கு வந்து அம்மா அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்வது. ஆனால் அடுத்த புதனும் போனாள், அதற்கடுத்ததும் போனாள். சமையலறையில் மறுபடியும் குண்டு வார்க்க ஈயம் உருகியது, வால்புர்கா வந்து உட்கார்ந்து அச்சு சூடு போதாது என்று சொல்ல, என் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியும் என்று இவள் சொல்ல, நான் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுவேன்.

நேற்று பருவத்தின் கடைசிப் போட்டி நடந்தது, பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும். குறிவைத்துச் சுடும் பரிசுப் பலகையில் இந்த வருஷம் வாத்தின் பின்னால் ஓடும் நரியை வரைந்திருந்தார்கள். அம்மா பலகைக்கு எதிரே போய் நின்றாள். குழல் மேலே போய், மெதுவாக இறங்கி, நின்றது. எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது உல்ரிகே, அந்த முதுகு எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நான் பார்த்து மயங்கிய அதே முதுகு. பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை, பேக்கரிக்காரரின் மருமகன் வாங்கிப் போனான். அம்மாவின் குண்டு நரியின் காதில், வால்புர்கா நாற்காலியை விட்டெழுந்து சுட்டது வாத்தின் வாலில். எது நடுவுக்குக் கிட்டே என்று இரண்டு பேரும் பீர் நுரை அடங்கும் வரை சண்டை போட்டார்கள். யாராவது அளந்து சொல்ல வந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனை விரட்டினார்கள். அதனால் கண்ணு, நீ கூப்பிட்டதற்கு நன்றி, இங்கே பனி விலகியதும் குழந்தையைப் பார்க்கக் கட்டாயம் வருகிறோம், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். துப்பாக்கிகள் அலமாரியிலேயே இருக்கட்டும், அவளும் இங்கே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. நானும் அவளும் தெருவில் போனால் நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம்தான் நடப்பேன், வலக்கையில் அவளுக்குத் துப்பாக்கிப் பெட்டி இருக்கும், வேறொருவரைத் தூக்க விடமாட்டாள். கண் போனபின்பும் அப்படியேதான். வலப்பக்கம் வருகிற சைக்கிளும் தெரியாது, கம்பமும் தெரியாது, இடித்துக்கொள்வாள், நான் கை கொடுத்தால் உதறுவாள். நேற்று மண்டபத்திலிருந்து இறங்கும்போது வெளியே வழியெல்லாம் ஈர இலை. அவள் நின்று பெட்டியை என்னிடம் நீட்டினாள். பிறகு, இந்தப் பக்கம் வா சீக்பெர்ட், இந்தப் பக்கம் எனக்கு யாரும் இல்ல என்றாள். நான் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றேன், அவள் கையைக் கோத்துக்கொண்டாள், வீடு வரைக்கும் எடுக்கவில்லை.

அம்மாவின் கண்ணுக்கு வந்தது குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். அதனால் நாளை நாளை என்று தள்ளாமல் இந்த மாதமே கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துப் பார், பார்த்துவிட்டு எனக்குச் சொல், அம்மாவிடம் சொல்லாதே, பயப்படுவாள். மருமகனை மழையில் வேகமாக வண்டி ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். மேராவுக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் விடாமல், நோய் நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழக் கடவுள் துணையிருக்கட்டும். இலை வாரும் சத்தம் நின்றுவிட்டது, வருகிறாள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அப்பா சீக்பெர்ட்